செயற்கை நுண்ணறிவுப் பண்ணையை நடத்துபவர் எந்தத் தொழில்நுட்பத்தை முதலில் கற்க வேண்டும்?

நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். எங்கள் குடும்பப் பண்ணையில் நான்கு சொட்டுநீர் மண்டலங்களையும் ஒரு பசுமைக்குடிலையும் தானியக்கத்துக்கு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. மண் ஈர உணரிகள், ஓட்டமானி, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகள், வாரம் ஒருமுறை பறந்து படமெடுக்கும் டிரோன் ஆகியவற்றின் தரவுகளைச் சேர்த்து, எந்த மண்டலத்துக்கு எப்போது எவ்வளவு நீர், எவ்வளவு உரம் என்று ஒரு மென்பொருள் தானே முடிவெடுக்கும் என்பது திட்டம். கருவிகளை அமைத்துத் தருபவர்கள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகு நாள்தோறும் இதைக் கட்டி மேய்க்க வேண்டியவன் நான்தான்.

நான் கணினிப் பட்டயம் படித்தவன். வயல் வேலை தெரியும், ஆனால் அப்பா அளவுக்குத் தெரியாது. இத்தகைய பண்ணைகளுக்கான வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்தால் பைத்தான், இயந்திரக் கற்றல், கிளவுட், ஐ.ஓ.டி. என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்கு மாலை நேரங்களை மட்டுமே என்னால் ஒதுக்க முடியும். இயந்திரக் கற்றலின் ஒரு முறையான நரம்பியல் வலையமைப்பைப் பற்றிய ஓர் இணைய வகுப்பில் சேரலாம் என்று எண்ணியிருக்கிறேன். உண்மையிலேயே இத்தகைய பண்ணையை நடத்துபவர்கள், அது சரியான தொடக்கமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மடைக்காவல்:

பதினோரு ஆண்டுகளாகப் பாசனத் தானியக்கக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் மென்பொருள் தவறியதால் வருபவை மிகக் குறைவு. ஈரம் புகுந்த இணைப்புப் பெட்டி, எலி கடித்த கம்பி, அடைத்துக்கொண்ட வடிகட்டி, இடி மின்னலில் கருகிய சர்க்யூட் போர்டு என்று பெரும்பாலானவை கண்ணால் பார்த்து, மல்டிமீட்டரால் தொட்டுத் தீர்க்கக்கூடியவை. ஆகவே அந்த இணைய வகுப்பு ஓடிப்போய்விடாது. முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டரை வாங்கி அதை முழுமையாகப் பயன்படுத்தப் பழகுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொழிற்சாலைத் தரத்திலான அழுத்த சென்சார்களும் நீர்மட்ட சென்சார்களும் தம் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகின்றன. சுழியிலிருந்து தொடங்காமல் ஏன் 4இலிருந்து தொடங்குகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். தொட்டி முற்றிலும் காலியாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்; கம்பி அறுந்தாலோ சென்சாருக்கு மின்சாரம் வராவிட்டாலோதான் அது 0 ஆகும். அதாவது 'தொட்டி காலி', 'கம்பி அறுந்தது' என்னும் இரண்டு செய்திகளையும் வடிவமைத்தவர் தனித்தனியாகவே வைத்திருக்கிறார். மென்பொருளை அமைப்பவர் அவசரத்தில் 4க்குக் கீழ் வரும் எல்லாவற்றையும் 0 விழுக்காடு என்று எழுதிவிட்டால், அந்த வேறுபாடு அங்கேயே தொலைந்துபோகும். அதன்பின் எவ்வளவு பெரிய செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்து வைத்தாலும், அறுந்த கம்பியைக் காலித் தொட்டி என்று நம்பி மோட்டாரை ஓட விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது தகவல் கம்பிகள். பல சென்சார்கள் ஆர்.எஸ்-485 என்ற வகைக் கம்பி இணைப்பில், மோட்பஸ் என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையில் பேசுகின்றன. முறுக்கிய இணைக் கம்பியாக இருக்க வேண்டும். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு ஒரே சங்கிலியாகச் செல்ல வேண்டும். சங்கிலியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் அமைப்பு முழுவதுமாக நின்றுபோகாது, அவ்வப்போது மட்டும் தடுமாறும். அதுதான் இதில் உள்ள கொடுமை. மோட்பஸில் இன்னொரு குழி உண்டு. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் பதிவேட்டை (கருவி ஓர் அளவை வைத்திருக்கும் எண்ணிட்ட இடம்) பல மென்பொருள்களில் 0 என்ற முகவரியில் கேட்க வேண்டும். ஓர் எண் தள்ளி வாசித்தால் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் காற்றின் ஈரப்பதம் வந்து உட்கார்ந்துகொள்ளும்; இரண்டும் நம்பும்படியான எண்களாகவே இருப்பதால் திரையைப் பார்ப்பவருக்கு ஐயமே எழாது.

மூன்றாவது, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துப் படிப்பது. வால்வுக்கு மேற்புறம் அழுத்தமானி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் கீழே எங்கோ அடைப்பு, அல்லது வால்வு முழுவதும் திறக்கவில்லை. அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடினால் குழாய் உடைந்திருக்கிறது. இரண்டுமே இறங்கினால் மேற்புறம் போய்ப் பாருங்கள்: பம்பு, வடிகட்டி, நீர்மட்டம். இந்த மூன்று வரிகளை மனத்தில் வைத்திருப்பவர் வயலுக்குள் இறங்குவதற்கு முன்பே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வேர்மண்டலம்:

மடைக்காவல் அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பியும் சரி, சென்சாரும் சரி, மென்பொருளும் சரி என்ற நிலையிலும் பண்ணை தவறான திசையில் ஓடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பயிரியல் ஆலோசகராக நான் கவனித்துவந்த ஒரு பண்ணையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணற்பாங்கான நிலம், சொட்டுநீர்ப் பாசனம். களையெடுத்தவர்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்த பக்கவாட்டுக் குழாயை நகர்த்திவிட்டு, மறுபடியும் வைக்கும்போது ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டார்கள். மணல் நிலத்தில் சொட்டும் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேராகக் கீழே இறங்கிவிடும். எனவே ஈர உணரி இருந்த இடத்துக்கு நீர் எட்டவே இல்லை. அது காட்டிய அளவு நாளுக்கு நாள் இறங்கியது. மென்பொருள் தன் கடமையைச் செய்து நீரைக் கூட்டியது. கூட்டிய நீர் வேர்மண்டலத்திலிருந்த நைட்ரேட்டை, அதாவது தழைச்சத்தை, கழுவிக் கீழே கொண்டுபோனது. இலைகள் வெளிறத் தொடங்கின. டிரோன் படத்தை ஆராய்ந்த செயற்கை நுண்ணறிவு மாதிரி (படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள்), தழைச்சத்துக் குறைபாடு என்று அடையாளம் கண்டது, அதுவும் சரியாகவே! அடுத்து உரப் பரிந்துரை வந்தது. அந்த உரத்தை இட்டிருந்தால் அதுவும் முன்னது போன வழியிலேயே போயிருக்கும்.

இங்கே உணரி பொய் சொல்லவில்லை. அது இருந்த இடம் உண்மையிலேயே காய்ந்துதான் கிடந்தது. மாதிரியும் தவறவில்லை. இருந்தும் முடிவு முழுத் தவறு. இதைப் பிடித்தது எந்தக் கருவியும் அன்று. ஒரு தாளில் போட்ட நீர்க் கணக்கு. ஆறு நாள்களில் நாளொன்றுக்கு 12 மில்லிமீட்டர் வீதம் 72 மில்லிமீட்டர் நீர் பாய்ந்ததாக ஓட்டமானி சொன்னது. வானிலைத் தரவின்படி அந்தப் பயிர் நாளொன்றுக்குச் செலவழிக்கக்கூடியது சுமார் 5 மில்லிமீட்டர், ஆறு நாளைக்கு 30. மழை இல்லை. மிச்சம் 42 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஆழ வேர்மண்டலத்திலேயே அது தங்கியிருந்தால் மண் ஈரம் 14 விழுக்காட்டுப் புள்ளிகள் ஏறியிருக்க வேண்டும். உணரியோ 18இலிருந்து 11க்கு இறங்கியதாகக் காட்டுகிறது. ஒன்று, நீர் அங்கே போகவில்லை. அல்லது போன நீர் அங்கே நிற்கவில்லை. இரண்டில் எதுவானாலும் வயலுக்குப் போய்க் குனிந்து பார்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய பயிர் நீர்த்தேவை முறை புதியதன்று. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் பாசனக் கையேட்டில் முழுவதும் உண்டு: வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றிலிருந்து மேற்கோள் பயிரின் (ஒப்பீட்டுக்கான புல்) நீர்ப்போக்கைக் கணக்கிட்டு, அதைப் பயிர்க் கெழுவால் (அந்தந்தப் பயிருக்கான பெருக்கு எண்) பெருக்குவது. கூடவே 1 மில்லிமீட்டர் நீர் என்பது ஹெக்டேருக்கு 10,000 லிட்டர் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். வயல் கொள்திறன் (மிகுநீர் வடிந்தபின் மண் பிடித்துவைக்கும் ஈரம்), வாடல் நிலை (பயிர் வாடிவிடும் ஈர அளவு) என்னும் இரண்டையும் உங்கள் மண்ணுக்கே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இவை தெரியாதவருக்கு மென்பொருள் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகள் வெறும் அலங்காரம்தான்.

எண்ணேடு:

நான் வேளாண் படங்களுக்கான மாதிரிகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். மேலே எழுதிய இருவரும் இயந்திரக் கற்றலைக் கடைசி வரிசையில் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஒரு பகுதியை மறுக்கிறேன். பண்ணையை நடத்துபவர் மாதிரியை உருவாக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மாதிரி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடத் தெரியாவிட்டால், விற்பவர் காட்டும் விழுக்காட்டுக்கு அவர் அடிமைதான்.

இத்துறையில் எல்லோரும் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. 2016இல் 'பிளாண்ட்வில்லேஜ்' தரவுத்தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்களில் 26 நோய்களை அடையாளம் காணும் மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் அதன் துல்லியம் 99.35 விழுக்காடு. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31.4 விழுக்காடாக இறங்கியது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் தம் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். தனி இலையை ஒரே மாதிரியான பின்புலத்தில் வைத்து எடுத்த படமும், நிழலும் மண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இலைகளும் கொண்ட வயற்படமும் ஒன்றல்ல. எனவே யாராவது '98 விழுக்காடு துல்லியம்' என்று சொன்னால், எந்த வயலில், எந்தப் பருவத்தில், எந்த கேமராவில் சோதித்தது என்று கேட்கத் தெரிவதே முதல் திறன். பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே வயலின் படங்களைக் கலைத்துப் பிரித்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வயல் வாரியாகவோ பருவம் வாரியாகவோ பிரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அரிதாக நடப்பதைத் தேடும் கணக்கு. 10,000 செடிகளில் 100 செடிகளுக்கு நோய் இருக்கிறது என்று கொள்வோம். நோயுள்ளதை 95 விழுக்காடு சரியாகப் பிடிக்கும், நலமானதை 95 விழுக்காடு சரியாக விட்டுவிடும் ஒரு மாதிரி இருக்கிறது. நோயுள்ள 100இல் 95ஐப் பிடிக்கும். நலமான 9,900இல் 5 விழுக்காட்டை, அதாவது 495ஐயும், நோய் என்று சொல்லும். மொத்தம் 590 எச்சரிக்கைகள். அவற்றில் உண்மையானவை 95, ஏறத்தாழ ஆறில் ஒன்று. இது தெரியாதவர் முதல் வாரம் 590 செடிகளுக்கும் ஓடுவார். மூன்றாம் வாரம் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார். இரண்டுமே நான் கண்ணால் பார்த்தவை.

வேர்மண்டலம் சொன்ன நீர்க் கணக்கைப் பற்றி ஒரு சொல்: அதை ஆள் உட்கார்ந்து நாள்தோறும் போட வேண்டியதில்லை. கொடுத்த நீர், செலவான நீர், உணரி காட்டிய மாற்றம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாதபோது எச்சரிக்கும்படி இருபது வரி பைத்தானில் எழுதிவிடலாம். நாற்றங்கால் கற்க வேண்டிய நிரல் இந்த அளவுக்குத்தான்: தரவுக் கோப்பைத் திறப்பது, நேர வரிசையில் வரைவது, விடுபட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது, ஒரு கருவி உள்ளூர் நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் பதிவதைக் கவனிப்பது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். மழை பெய்வதற்குப் பல மணி நேரம் முன்பே மண் நனைந்துவிட்டதாக வரைபடம் காட்டும் நாளன்று அதன் அருமை தெரியும்.

மடைக்காவல்:

எண்ணேடு அவர்களுக்கு: அந்த இருபது வரி நிரல் எச்சரித்த பிறகு வரப்பில் இறங்கி நடக்க வேண்டியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி உங்களுடைய 590 கணக்கை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். கேட்டவர்களுக்கு இதுவரை என்னால் இவ்வளவு சுருக்கமாக விளக்க முடிந்ததில்லை.

உழுசால்:

நாற்றங்காலின் பண்ணையில் தானே ஓடும் டிராக்டர் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் இழையின் தலைப்பு பொதுவாக இருப்பதால், இயந்திரங்களை ஓட்டுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இயந்திரத்தின் கண் செயற்கைக்கோள் வழிகாட்டுதல். சாதாரண இடங்காட்டி மீட்டர் கணக்கில் தவறும், ஆர்.டி.கே. (இடக் கணக்கின் பிழையை உடனுக்குடன் நீக்கும் முறை) திருத்தம் கிடைத்தால் ஓரிரு சென்டிமீட்டருக்குள் நிற்கும். அந்தத் திருத்தம் எங்கிருந்து வருகிறது, திருத்தத்தை அனுப்பும் அடிநிலையத்திலிருந்து விலக விலகத் துல்லியம் எப்படித் தேய்கிறது, திரையில் 'நிலைபெற்றது' (முழுத் துல்லியம்), 'மிதக்கிறது' (குறைந்த துல்லியம்) என்ற இரண்டு நிலைகளுக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2024 மே 10 வாக்கில் வந்த கடுமையான சூரியப் புயலின்போது, அமெரிக்காவில் விதைப்பு மும்முரமாக நடந்த நேரத்தில் இந்தத் திருத்தம் தடுமாறி, பல பண்ணைகளில் இயந்திரங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. அன்று வேறுபாடு தெரிந்தவர்கள் நிறுத்தினார்கள். தெரியாமல் ஓட்டியவர்களின் கோணல் சால் அறுவடை வரைக்கும் அப்படியே நிற்கும், ஏனென்றால் பிறகு களையெடுக்கும் இயந்திரமும் அதே கோட்டை நம்பித்தான் வரும்.

டிராக்டரும் பின்னால் பூட்டும் கருவியும் பேசிக்கொள்ளும் மொழி ஐ.எஸ்.ஓ. 11783, வழக்கில் ஐசோபஸ். தானே ஓடும் வேளாண் இயந்திரங்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 18497 என்ற தரநிலை இருக்கிறது. இரண்டையும் வரிவரியாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் எது நிற்கும், எது தொடர்ந்து சுழலும் என்பதை வாங்கிய அன்றே ஆளில்லாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். நான் ஓட்டிய ஒரு கருவியில் வண்டி நின்றது, பின்னால் இருந்த சுழல் கத்தி நிற்கவில்லை. விற்பனையாளர் அதை 'அமைப்பு விருப்பம்' என்று விளக்கினார்.

எவரும் வயலுக்குள் கால் வைக்காமலே பயிர் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு 2017இலேயே விடை கிடைத்துவிட்டது. பிரிட்டனின் ஹார்ப்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒரு ஹெக்டேரில் பார்லியை அப்படி விதைத்து அறுவடையும் செய்தது. சிறிய பழைய பாணி இயந்திரங்களில் டிரோன்களுக்கான திறந்தமூலத் தானியங்கி மென்பொருளைப் பொருத்தியே அதைச் செய்தார்கள். வயலுக்குள் ஆள் இல்லை என்பது உண்மை. வயலுக்கு வெளியே எத்தனை திறமைசாலிகள் நின்றார்கள் என்பதைத்தான் செய்திகளைப் படிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பழுது பார்ப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. கோளாறு என்னவென்று உங்களுக்குத் தெரிந்தாலும், இயந்திரத்தின் மென்பொருள் பூட்டு உங்களைத் தொட விடாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளுக்கென்றே பழுதுநீக்கும் உரிமைச் சட்டம் இயற்றும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிவதையும் நான் தொழில்நுட்பத் திறனாகவே கருதுகிறேன்: கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி எனக்குத் தரப்படுமா, தரவைப் பொதுவான கோப்பு வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா, சந்தா முடிந்தால் வால்வு திறக்குமா?

பசுங்குடில்:

குடிலைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகம் 2018இல் தன்னாட்சிப் பசுமைக்குடில் போட்டி ஒன்றை நடத்தியது. ஐந்து அணிகள் தொலைவிலிருந்தே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வெள்ளரி வளர்த்தன. வென்ற அணி, அனுபவமிக்க வளர்ப்பாளர்கள் நடத்திய ஒப்பீட்டுக் குடிலைவிடக் கூடுதல் நிகர லாபம் காட்டியது. ஆகவே குடிலுக்குள் கணினியால் மனிதரை மிஞ்ச முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே இருந்த உணரிகள் நன்கு பேணப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள்.

25 டிகிரி செல்சியஸில் காற்றின் நிறைவு நீராவி அழுத்தம் (காற்று நீராவியால் முழுவதும் நிறைந்திருக்கும்போதுள்ள அழுத்தம்) 3.17 கிலோ பாஸ்கல். ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், அந்த நிறைவுக்கு இன்னும் வேண்டிய பற்றாக்குறை 1.27. உணரி ஐந்து புள்ளி தள்ளி 65 என்று காட்டினால் அது 1.11 ஆகிவிடும், மென்பொருள் அதற்கேற்பக் காற்றுத் திறப்பையும் தெளிப்பானையும் மாற்றும். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வெப்ப உணரியைத் தொங்கவிட்டிருந்தால் பிழை இதைவிடப் பெரிதாக இருக்கும். விசிறியால் காற்றை இழுத்து ஓடவிடும் நிழலுறைக்குள்தான் அது இருக்க வேண்டும். உர நீரின் பி.எச். முனையை 4, 7 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களில் (பி.எச். அளவு முன்பே தெரிந்த கரைசல்கள்) திருத்துங்கள். அதை ஒருபோதும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், முனை கெட்டுவிடும். இவை வாரந்தோறும் அரைமணி நேர வேலைகள், அவ்வளவுதான்.

இன்னொன்று: முக்கிய மென்பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தனி மின்கலத்தில் ஓடும் ஒரு வெப்ப எச்சரிக்கை மணி குடிலில் இருக்கட்டும்.

நாற்றங்கால்:

எல்லோருக்கும் நன்றி. படித்து முடித்ததும் கொஞ்சம் மலைப்பாகவே இருந்தது. மின்னியல், பயிரியல், புள்ளியியல், ஒப்பந்தம் எல்லாம் ஓர் ஆளுக்குள் அடங்குமா? வீட்டில் அப்பா மண்ணைப் பார்க்கிறார், தங்கை கணக்கு வழக்கைப் பார்க்கிறாள். எதை நானே கற்க வேண்டும், எதை வெளியாளிடம் விடலாம்?

மடைக்காவல்:

இரவு இரண்டு மணிக்கு நின்றால் காலைக்குள் பயிர் கெடும் என்பதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு வாரம் பொறுக்கும் என்பதை வெளியாளிடம் விடலாம். இந்த அளவுகோலில் வால்வைக் கையால் திறப்பது, பம்பை நேரடியாக ஓட்டுவது, ஃபியூஸ் மாற்றுவது எல்லாம் வீட்டில் மூன்று பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வால்வுகள் எந்த வகை என்று பாருங்கள். சாதாரண மூடுநிலை வகை என்றால் மின்சாரம் போனதும் தானே மூடிக்கொள்ளும். ஒரு துடிப்பைப் பெற்று அதே நிலையில் நிற்கும் லாட்சிங் வகை என்றால், திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் திறந்தபடியே கிடக்கும். மாதம் ஒருமுறை முழு அமைப்பையும் வேண்டுமென்றே கைமுறைக்கு மாற்றி ஒரு நாள் ஓட்டுங்கள்.

கடவுச்சொற்களைக் கருவி அமைப்பவரின் பெயரிலேயே விட்டுவிடாதீர்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பெரிய விவசாயக் கூட்டுறவு நிறுவனம் பணயத்தீம்பொருள் (கணினியை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் தீம்பொருள்) தாக்குதலால் தன் கணினிகளையே அணைத்துவைக்க வேண்டிவந்தது. சிறிய பண்ணையை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாக்குபவர் பண்ணையைத் தேடி வருவதில்லை, மாற்றப்படாத கடவுச்சொல்லைத் தேடி வருகிறார்.

வேர்மண்டலம்:

முதல் வேலையாக நான் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நான்கு ஈர உணரிகளையும் உங்கள் மண்ணிலேயே சரிபாருங்கள். மின்கொள்திறன் வகை உணரி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள பொருளின் மின்காப்பு மாறிலியை (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண்) அளந்து ஈரத்தை ஊகிக்கிறது. நீருக்கு அது ஏறத்தாழ 80, உலர்ந்த மண் கனிமங்களுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. மண்ணின் உப்பும் வெப்பமும் இடையில் புகுந்து ஊகத்தைக் குழப்பும். ஆகவே 100 கன சென்டிமீட்டர் வளையத்தால் உணரிக்கு அருகில் மண்ணெடுத்து எடைபோட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு விழுக்காடு. பாசனத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தடவையாவது எடுங்கள்.

நாற்றங்கால்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இணைய வகுப்பில் சேரவில்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. முதல் மண்டலத்தில் ஈர மண் 158 கிராம், உலர்ந்தபின் 128 கிராம். ஆக 30 விழுக்காடு. உணரி காட்டியது 22. அப்பாவிடம் எண்ணைச் சொல்லாமல் மண்ணை மட்டும் கையில் கொடுத்துக் கேட்டேன். பிடித்துப் பார்த்துவிட்டு 'இதற்கு இன்று தண்ணீர் வேண்டாம்' என்றார். மென்பொருள் அன்று மாலைக்கு நீர் குறித்து வைத்திருந்தது. இரண்டாம், நான்காம் மண்டலங்களிலும் இதே போல 6 முதல் 8 வரை குறைத்தே காட்டுகிறது. ஒரு நேர்கோட்டைப் பொருத்தி மென்பொருளில் திருத்தத்தை ஏற்றிவிட்டேன். எண்ணேடு சொன்ன நிரலைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது, 34 வரி.

மூன்றாவது மண்டலம்தான் புரியவில்லை. பாசனத்துக்கு முன்னும் 31, பின்னும் 31. அடுப்புக் கணக்கின்படி முன்பு 19, பின்பு 28.

மடைக்காவல்:

நீர் போனாலும் வந்தாலும் அசையாத எண் மண்ணிலிருந்து வருவதில்லை. இரண்டாம், மூன்றாம் சென்சார்களின் இணைப்பிகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். 31 என்ற எண் இரண்டாம் மண்டலத்தின் பெயருக்கு இடம் மாறினால் கோளாறு சென்சாரிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. மூன்றாவதிலேயே நின்றால் பெட்டியில் இருக்கிறது.

நாற்றங்கால்:

மாற்றினேன். 31 இரண்டாம் மண்டலத்துக்குப் போய்விட்டது. உணரியைத் தோண்டி எடுத்துப் பார்த்ததில், கம்பி உள்ளே நுழையும் இடத்தில் காப்புறை பிளந்து நீர் புகுந்திருந்தது. புதியது வரும் வரை மூன்றாம் மண்டலத்தைக் கைமுறைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அதற்கான நீர்க் கணக்கைத் தங்கை தாளில் எழுதிவருகிறாள். அடுத்த வாரம் மறுபடி மண்ணெடுத்து உலர்த்தும்போது அந்தக் கணக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று இங்கே பதிகிறேன்.